இம்மியும் எடுக்காத அரிசி

வெண்ணெல்லூரை ஆண்ட மகாராஜா முடிகொண்டார் ஊன் தொடாதவர். அந்தப் பெருமையிலேயே மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்து உண்பார். காய் என்பது இலையின் ஓரத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

மதியம் உண்டு முடித்துச் சிங்காசனத்தில் உட்கார்ந்தால் போதும், கண் சொருகிவிடும். ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதரிடம், "போரா, சமாதானமா? எங்கள் முடிவு..." என்றவர் அப்படியே குறட்டை விட்டார். மறுநாளும் அதே கதை. தூதர் பதினோரு நாள் காத்திருந்தார். எல்லையில் இரு படைகளும் சலித்துப்போய் பல்லாங்குழி ஆடின.

அரண்மனை வைத்தியர் மருதவாணருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, இந்தச் சோறுதான் தங்களைத் தூங்க வைக்கிறது. சற்றுக் குறைத்தால்..."

"நான் ஆட்டைத் தொட்டேனா, மீனைத் தொட்டேனா? செடி கொடுத்ததைத்தானே தின்கிறேன்?"

"செடி கொடுத்தது வேறு, உலக்கை விட்டுவைத்தது வேறு, மகாராஜா."

முடிகொண்டாரின் மீசை துடித்தது. "என் அரிசியிலிருந்து எவனும் ஓர் இம்மிகூட எடுக்கக் கூடாது! எடுத்தவர் கை போகும். இது ஆணை! என் தூக்கத்தை ஒரு மாதத்தில் நீர் தீர்க்க வேண்டும். இல்லையேல் நாடு கடத்திவிடுவேன்!"

வைத்தியர் நேரே போய் நின்றது வினைதீர்த்தானிடம். அரசவையில் வாயாலேயே பிழைக்கும் ஆள் அவன்.

"கேட்டாயா, வினைதீர்த்தான்? சோற்றைக் குறைக்கவும் கூடாது, நோய் தீரவும் வேண்டும். நான் எந்த நாட்டுக்குப் போவேன்?"

வினைதீர்த்தான் ஆணையை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கேயும் போகவேண்டாம், வைத்தியரே. நெல் குத்தும் இடம் வரை வாரும்."

அங்கே பதினாறு பெண்கள் வியர்க்க வியர்க்க அரிசியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அரண்மனை அரிசி முத்துப்போல் இருக்க வேண்டும் என்று, தவிடு முழுதும் போக ஐந்து முறை தீட்டுவது வழக்கம். வினைதீர்த்தான் அவர்கள் நடுவே நின்று ஆணையை உரக்கச் சொன்னான். தலைமைக்காரி கருத்தாயி ஒரு கணம் யோசித்தாள்.

"அப்படின்னா உமியை நீக்கினதோட நிறுத்திக்கலாமா, சாமி?"

"நிறுத்தித்தான் ஆகவேண்டும், தாயி. கை முக்கியமில்லையா?"

பதினாறு உலக்கைகளும் ஒரே சமயத்தில் சுவரில் சாய்ந்தன.

மறுநாள் இலையில் செம்மண் நிறத்தில் சோறு விழுந்தது. முடிகொண்டார் துள்ளி எழுந்தார்.

"என்ன இது?"

"அரிசிச் சோறு, மகாராஜா," என்றான் வினைதீர்த்தான். "இதுவரை தாங்கள் உண்டது அதன் மிச்சம்."

"மாட்டுக்குப் போடும் தவிட்டோடு எனக்கா?"

"இம்மியும் எடுக்கக் கூடாதென்று தாங்கள்தானே ஆணையிட்டீர்கள்? தவிட்டை எடுத்தால் பதினாறு பெண்கள், முப்பத்திரண்டு கை. வெட்டுவதற்கே ஒரு நாள் ஆகும், மகாராஜா."

சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் ராஜா சோற்றை விழுங்கப் பார்த்தார். அது மெல்லாமல் இறங்கவில்லை. மென்றார், மென்றார். பாதி மலையிலேயே தாடை ஓய்ந்துவிட்டது. மீதி வயிற்றுக்கு இலையோரத்து அவரையையும் கொள்ளையும் கீரையையும் வழித்துத் தின்றார்.

இருபதாம் நாள் மதியம், உண்டு முடித்தும் ராஜாவின் கண் மூடவில்லை. ஆச்சரியத்தோடு அவையைச் சுற்றிப் பார்த்தார். மந்திரி தூணில் சாய்ந்து உறங்கினார். சேனாதிபதி கேடயத்தைத் தலைக்கு வைத்திருந்தார். ராஜா உறங்கும் தைரியத்தில் அத்தனை வருஷமும் அவையே உறங்கியிருக்கிறது!

முடிகொண்டார் வயிறு குலுங்கச் சிரித்தார். வைத்தியருக்குப் பட்டாடையும் வினைதீர்த்தானுக்கு முத்துமாலையும் கொண்டுவரச் செய்தார். மாலையை அணிவிக்கப் போனால், வினைதீர்த்தானும் வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தான்.

"அடே! நீயுமா?"

அவன் பதறி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான்.

"மகாராஜா கைவிட்ட தூக்கம். அநாதையாக விடலாமா என்றுதான்..."