மரங்கொத்தி வைத்த வழிப்பலகை

ஒரு காட்டில், கோடை வந்தால் எல்லா மிருகங்களும் ஒரே சரிவில் தலைதெறிக்க ஓடி இறங்கும். காரணம் தாகம். சரிவின் அடியில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் தெளிந்த நீரோடை. இடப்பக்கம் போனால் ஒரு சேற்றுக்குளம். அதில் பல்லாண்டி என்ற முதலை குடியிருந்தது.

"புதிதாக வருகிறவர்களுக்கு வழி தெரியவில்லை. பிரிவில் ஒரு பலகை வை" என்று யானைத் தலைவி செங்கொண்டையிடம் சொன்னாள். செங்கொண்டை ஒரு மரங்கொத்தி. அந்தக் காட்டிலேயே எழுதப் படிக்க மிக நன்றாகத் தெரிந்தவன். அது தனக்குத் தெரியும் என்பதும் அவனுக்கு மிக நன்றாகத் தெரியும்.

மூன்று நாள் டொக் டொக்கென்று கொத்தினான். பலகையைச் சுற்றிப் பூக்கொடி செதுக்கினான். நடுவில் இப்படி எழுதினான்:

"தாகத்தோடு வரும் அன்புடையீர்! இடப்பக்கம் திரும்பினால் குளம் வரும். ஆயினும் அக்குளத்தில் முதலை வசிப்பதால் அங்கே செல்லாதீர்! வலப்பக்கம் உள்ள நீரோடைக்கே செல்வீர்!"

மறுநாளே ஒரு மான் பாதி வாலோடு வந்து நின்றது.

"இடப்பக்கம் திரும்பினால் குளம் வரும் என்று நீதானே எழுதியிருக்கிறாய்?"

"அதற்குப் பிறகும் எழுதியிருக்கிறேனே!"

"அதற்குப் பிறகு நான் குளத்துக்குள் இருந்தேன்!"

செங்கொண்டை யோசித்தான். பலகையின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தான்: "இப்பலகையை முழுவதும் படித்த பின்னரே ஓடவும்."

அடுத்த நாள் இரண்டு முயல்கள் காதில் பல் தடத்தோடு வந்தன. அதற்கடுத்த நாள் குரங்குக் கூட்டம் ஒன்று சேறு சொட்டச் சொட்ட வந்து அவனைத் திட்டிவிட்டுப் போனது. ஒரு நத்தை மட்டும் பாராட்டியது. "அடடா! காலையில் படிக்கத் தொடங்கினேன், மத்தியானம் முடித்தேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது!"

"கேட்டீர்களா? ரசனை உள்ளவர்களுக்குப் புரிகிறது" என்று மார்பை நிமிர்த்தினான் செங்கொண்டை. ஆனால் உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. எழுதியவன் அவன்தானே!

அப்போது உருமன் என்ற காட்டுப்பன்றி வந்தான். அவன் வால் முந்தின நாள்தான் முதலை வாய்க்குப் போயிருந்தது.

"என் தலையில் ஏறி உட்கார். நான் வழி தெரியாதவன் போல ஓடுகிறேன். நீ பலகையைப் படித்துச் சொல். சொல்கிற பக்கம் திரும்புகிறேன்."

"இவ்வளவுதானா? நான் எழுதியதை நானே படிக்க மாட்டேனா?"

ஏறி உட்கார்ந்தான். உருமன் ஓர் உறுமல் உறுமிவிட்டுச் சரிவில் பாய்ந்தான். அம்மாடி! மரங்கள் பின்னால் பறந்தன. புதர்கள் பின்னால் பறந்தன. செங்கொண்டையின் கொண்டைகூடப் பின்னால் பறந்தது. பலகை திடீரென்று எதிரே வந்தது.

"தாகத்தோடு வரும் அன்புடையீர்! இடப்பக்கம் திரும்பினால்..."

உருமன் இடப்பக்கம் திரும்பினான்.

"ஐயோ, நில்! வாக்கியம் இன்னும் முடியவில்லை!"

"பாதை முடிந்துவிட்டது!" என்றான் உருமன்.

தொபுக்கடீர்!

சேறு அடங்கியதும் எதிரே இரண்டு கண்கள் மிதந்தன.

"வாருங்கள், வாருங்கள்! பலகை வைத்த புண்ணியவானா? தினமும் சாப்பாடு வீட்டுக்கே வருகிறது. தயவுசெய்து அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்!" என்று சொல்லி, பல்லாண்டி வாயைத் திறந்தான்.

சிவந்த வாய். மேலும் கீழும் வெள்ளைப் பற்கள். செங்கொண்டையின் இறகெல்லாம் சிலிர்த்து நின்றது. கண் சிமிட்டும் நேரத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வாயில் ஓர் எழுத்துகூட இல்லையே!

உருமனின் கால்கள் சேற்றில் புதைந்திருந்தன. செங்கொண்டை எகிறிப் பறந்து, முதலையின் மூக்கு நுனியில் உட்கார்ந்து, டொக் டொக் டொக்கென்று கொத்தினான். பல்லாண்டிக்குத் தும்மல் வந்தது. ஒரு தும்மல், இரண்டு தும்மல்! மூன்றாவது தும்மலில் கிளம்பிய அலை உருமனைத் தூக்கிக் கரையில் போட்டது. இருவரும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

அன்றே செங்கொண்டை பழைய பலகையைப் பிடுங்கினான். புதிய பலகையைப் பிரிவில் வைக்கவில்லை. சரிவின் பாதியிலேயே, தூரத்தில் வரும்போதே தெரிகிற மாதிரி உயரமாக வைத்தான். இடப்பக்கம் செம்மண்ணால் ஒரு பெரிய திறந்த வாய், சுண்ணாம்பால் வெள்ளைப் பற்கள். வலப்பக்கம் மூன்று நீர் அலைகள், ஓர் அம்புக்குறி. வேறு ஒன்றும் இல்லை. பிறகு உருமனின் தலையில் ஏறி ஏழு முறை சரிவில் ஓடிப் பார்த்தான். ஏழு முறையும் அவன் வாயைத் திறக்கும் முன்பே உருமன் வலப்பக்கம் திரும்பினான்.

யானைத் தலைவி வந்து பார்த்தாள். "எழுத்து எங்கேயப்பா?"

"ஓடுகிறவர்களுக்குப் படிக்க நேரம் எங்கே அம்மா?"

அப்போது அடுத்த காட்டிலிருந்து நாற்பது மான்கள் புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கின. செங்கொண்டை மூச்சைப் பிடித்துக்கொண்டான். முதல் மான் வலப்பக்கம் திரும்பியது. அடுத்தது திரும்பியது. நாற்பதும் திரும்பின. ஒன்றுகூட வேகத்தைக் குறைக்கவில்லை.

ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு கிழமானிடம் செங்கொண்டை ஆசையோடு பறந்து போனான்.

"ஐயா, பலகை எப்படி இருந்தது?"

கிழமான் தலையைத் தூக்கியது. "எந்தப் பலகை?"

செங்கொண்டை சந்தோஷத்தில் காற்றிலேயே மூன்று குட்டிக்கரணம் போட்டான்.

நீதி: வழி காட்டுகிறவர், ஓடி வருகிறவரின் கண்ணால் பார்க்க வேண்டும்.