அன்னக்கொடையாரின் உப்பு

முன்னொரு காலத்தில் ஏரிகள் நிறைந்த நீர்நாட்டை வெண்குடைமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவான், மத்தியானச் சாப்பாடு ருசிக்காவிட்டால் சாயங்காலம் அதை மாற்றிவிடுவான். அவனோடு குப்பை கொட்டியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அந்த நாட்டில் ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியை ஜனங்களே தேர்ந்தெடுப்பார்கள். போட்டியிடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பானை வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் திரை மறைவில் போய், தமக்குப் பிடித்தவரின் பானையில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். ஜெயித்தவரின் பானைக்கு முத்திரை வைத்து, அவர் பதவி முடியும்வரை அரண்மனையில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் வீட்டு உப்பைத் தின்றுவிட்டால், அவருக்கு எதிராகக் கொட்டை போடக் கூடாது, சாட்சி சொல்லக் கூடாது, தீர்ப்பும் சொல்லக் கூடாது. நன்றியுள்ள ஜனங்கள்! அந்த நன்றிதான் அவர்கள் குடியைக் கெடுத்தது.

ராஜசபையில் ஒரு பிரபு இருந்தார். தேர்தல் வந்தால் ஊர் ஊராகப் பந்தி போடுவார். அதனால் அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோய், எல்லோரும் அவரை அன்னக்கொடையார் என்றே அழைத்தார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டவர்கள், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவர் பானையில் கொட்டை போட்டுவிட்டு வந்தார்கள். ஜெயித்தார். கரையைப் பலப்படுத்த ஒதுக்கிய பணத்திலிருந்து பந்திச் செலவை எடுத்துக்கொண்டார். ஐப்பசி மழையில் பெரிய ஏரி உடைந்தது. கரைக்குக் கீழே இருந்த தெருவே போய்விட்டது.

போனவர்களில் அல்லி என்றொரு சிறுமியும் உண்டு. அவள் அம்மா காத்தாயி சேறு பட்ட சேலையோடு சபையில் வந்து நின்றாள்.

“எம்புள்ள செத்ததுக்கு யாரு சாமி பதில் சொல்லுவா?”

தலைமை நீதிபதி எழுந்தார். “மன்னா, நான் அன்னக்கொடையார் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். தீர்ப்புச் சொல்ல முடியாது.” அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் ஏப்பமே விட்டார்.

அன்னக்கொடையார் சிரித்தார். “என் உப்பைத் தின்னாத வாய் இந்த நாட்டில் ஏது, மன்னா? இந்த அம்மாளே என் பந்தியில் ரெண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கியவள்தான். விசாரித்துப் பாருங்கள்.”

காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாஞ் சாமி, தின்னேன். ரெண்டாந்தரம் வாங்குனது எம்புள்ளைக்கு. அவ அதுக்கு முன்ன பாயசம் குடிச்சதே இல்ல. இவரு பானையிலதான் கொட்டையும் போட்டேன்.”

சபையில் பலரும் தரையைப் பார்த்தார்கள். அமைச்சர் ஆதனார் மட்டும் எழுந்து, “மன்னா, இந்த வழக்கை இப்படியே விடலாகாது” என்றார்.

ராஜாவுக்குப் பசி வேளை. “அப்படியானால் இவருடைய உப்பைத் தின்னாத ஒரு வாயை நாளைக்குக் கொண்டுவாரும். முடியாவிட்டால் வழக்கும் தள்ளுபடி, உமது பதவியும் தள்ளுபடி!” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் ராஜா முதல் கவளத்தை வாயில் வைத்தான். அப்படியே துப்பினான். கழுவாத கையோடு சபைக்கு ஓடிவந்து, “உப்பில்லாமல் சமைத்தவன் எவன்?” என்று கத்தினான்.

“நான்தான் போட வேண்டாம் என்றேன்” என்றார் ஆதனார். “அரண்மனைக்கு உப்பு அனுப்புவது யார் தெரியுமா, மன்னா?”

அன்னக்கொடையாருக்குப் பெருமை தாங்கவில்லை. “அடியேன்தான்! என் உப்பளத்து உப்பு. ஒரு காசு வாங்கியதில்லை.”

“கேட்டீர்களா, மன்னா? இத்தனை வருஷமாக நீங்களும் அவர் உப்பைத்தான் தின்கிறீர்கள். தீர்ப்புச் சொல்லும் நாளிலாவது வேண்டாம் என்று பார்த்தேன்.”

ராஜாவின் முகம் சுண்டிப்போனது.

ஆதனார் திரும்பினார். “அன்னக்கொடையாரே, பந்தியில் போட்டதும் இதே உப்புதானே?”

“இதேதான்.”

“அந்த உப்பளம் உமக்கு எப்படி வந்தது?”

“மன்னர் தானமாகக் கொடுத்தார்.”

“அதற்கு முன்னால் யாருடையது?”

“அது... நாட்டுச் சொத்து.”

“அப்படியானால் பந்தியில் ஜனங்கள் தின்றது அவர்களுடைய உப்பையே. மன்னர் தின்றதும் அதையே. நேற்று ஒரு வாய் கேட்டீர்கள், மன்னா. நாடு முழுக்க வாய் இருக்கிறது. இத்தனை நாள் ஜனங்களின் உப்பைத் தின்றவர் இவர். வழக்கப்படி, இந்த அம்மாளுக்கு எதிராக இவர்தான் வாய் திறக்கக் கூடாது.”

அன்னக்கொடையார் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ராஜா தீர்ப்புச் சொன்னான். அன்னக்கொடையாரின் பதவி போயிற்று. அவர் சொத்தையெல்லாம் விற்று, அவரையே மண் சுமக்க வைத்துக் கரை கட்டச் சொன்னான். இனிமேல் போட்டியிடுகிறவர்கள் ஜனங்களுக்கு ஒரு வாய் சோறுகூடப் போடக் கூடாது, நீதிபதிகள் யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது என்று சட்டமும் போட்டான். நல்ல சட்டம்தான். ஒரு மழைக்கு முன்னால் வந்திருக்கலாம்.

ஆதனாருக்குத் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைப் போட்டான். காத்தாயிக்கு ஒரு தட்டு நிறையப் பொன் கொண்டுவரச் சொன்னான். அவள் கை நீட்டவில்லை.

“பொன்னு வேணாஞ் சாமி. அன்னிக்கு நான் போட்ட கொட்டையத் திருப்பிக் குடுத்துருங்க. அது அந்தப் பானையில கெடக்குறத நெனச்சா எனக்குத் தாங்கல.”

ராஜா முத்திரையை உடைத்துப் பானையைக் கவிழ்க்கச் சொன்னான். சபை நடுவே புளியங்கொட்டைகள் குவிந்தன. காத்தாயி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், புரட்டினாள், கீழே வைத்தாள். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவனும் தேடினான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

“இதில் எதம்மா உன்னுடையது?” என்று கேட்டான்.

“தெரியலையே, சாமி” என்றாள் காத்தாயி.