மாம்பழக் கொட்டைக்கு என்ன வரி?

வெகு காலத்துக்கு முன்னால் கூவிளநாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாக யார் காதருகே பேசினார்களோ, அவர்கள் பேச்சுதான் அன்றைய சட்டம்.

அந்த ராஜாவுக்கு அரசவையில் விசிறி வீசுகிறவள் அஞ்சலை. ஆறு வருஷமாகச் சிம்மாசனத்துக்குப் பின்னால் நிற்கிறாள். ராஜா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் புருஷன் கதிரேசன், அரண்மனைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவன். உட்கார்ந்த இடத்திலேயே பனையோலை விசிறி பின்னுவான். அவள் சந்தையில் விற்றுவருவாள்.

ஒருநாள் தோட்டக்காரர் புது வேட்டி கட்டிவந்ததை ராஜா பார்த்துவிட்டார். "இவருக்கு ஏது காசு?" என்று சும்மாதான் கேட்டார். பக்கத்தில் இருந்த பொக்கிஷ அதிகாரி அகோரம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மந்திரி சிற்றம்பலவரின் ஆசனத்தில் எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று பல வருஷமாக ஏங்குகிறவர் அவர்.

"வேலைக்காரர்களுக்கு மறைமுகமாக நிறைய வருமானம், மகாராஜா. மந்திரி இரக்கப்பட்டு இடம் கொடுத்துவிட்டார். எல்லாரிடமும் கணக்குக் கேட்போம்."

மறுநாளே தண்டோரா போட்டார்கள். 'அரண்மனைச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும், இந்த வருஷம் தன் கைக்கு வந்தது எதையும் விடாமல், அமாவாசைக்குள் அரசர் முன்னிலையில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். தவறினால் வேலை போகும்!'

அன்று சமையற்கட்டில் சோறு குழைந்துபோனது. "வரியைத்தான் மாசாமாசம் சம்பளத்துலயே பிடிச்சுக்கிறாங்களே, இன்னும் என்ன கணக்கு?" என்று சமையல்காரர் புலம்பினார். கணக்கை ஓலையில் எழுதித் தருகிறவர்கள் ஆளுக்கு ஐந்து பணம் கேட்டார்கள். அஞ்சலையின் மாதச் சம்பளமே பன்னிரண்டு பணம். அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. விசிறி விற்ற காசைச் சொல்வதா, மறைப்பதா?

"சொல்லிடு புள்ள," என்றான் கதிரேசன். "மறைச்சிட்டு நாளைக்கு அவர் பின்னால போய் நின்னா உனக்குக் கை நடுங்கும்."

அவள் நேராக மந்திரி வீட்டுக்குப் போனாள். "ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓலைக்குக் குடுக்கக் காசும் இல்லீங்க."

சிற்றம்பலவர் கொஞ்சம் யோசித்தார். "ஒப்புவிக்கணும்னுதானே தண்டோராவில் சொன்னாங்க?"

"ஆமாங்க."

"பிள்ளைகள் வாத்தியாரிடம் பாடம் ஒப்புவிக்கிறது எப்படி? வாயாலதானே? நீயும் வாயால ஒப்புவி அம்மா. மத்தவங்களையும் கூட்டிக்கிட்டு வா. ஒரு பிடி கீரை வந்திருந்தாலும் விட்டுடாதே."

அமாவாசைக்கு முதல் நாள் முந்நூறு பேர் வெறுங்கையோடு அரசவைக்குள் வந்து நின்றார்கள். அகோரம் குதித்தார். "ஓலை எங்கே?"

"நீர் எழுதிய ஆணையில் ஓலை என்ற சொல் எங்கே இருக்கிறது?" என்றார் மந்திரி.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வசமாக மாட்டிக்கொண்டீர், அகோரம். சரி, கேட்போம்."

முதலில் அஞ்சலை வந்தாள். ராஜா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ யாரம்மா?"

"உங்களுக்குப் பின்னால விசிறி வீசுறவ, ராஜா."

ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சொல்லம்மா," என்றார் மெதுவாக.

"மாசம் பதினொரு பணம்..."

"பன்னிரண்டு அல்லவா?"

"ஒரு பணம் வரிக்குப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க ராஜா. அப்புறம் என் வீட்டுக்காரர் பின்ன, நான் வித்த விசிறி, வருஷத்துக்கு அஞ்சு பணம்."

"பார்த்தீர்களா! மறைத்த வருமானம்!" என்று கத்தினார் அகோரம்.

"அதைத்தான் அவளே சொல்கிறாளே," என்ற சிற்றம்பலவர், "மகாராஜா முடிசூடிய நாளில் போட்ட வரிச் சட்டம் நினைவிருக்கிறதா, அகோரம்?" என்று கேட்டார்.

அகோரத்தின் குரல் இறங்கியது. "வருஷத்துக்கு நூற்றைம்பது பணம் வரை... வரி கிடையாது."

"சம்பளம் நூற்று நாற்பத்து நான்கு. விசிறி ஐந்து. நூற்று நாற்பத்தொன்பது. அப்படியானால் இவளிடம் பிடித்த பன்னிரண்டு பணம் எந்தக் கணக்கில்?"

அகோரம் வியர்த்துப்போனார். "வேறு என்ன வந்தது? சொல் பெண்ணே, சொல்!"

"மகாராணி ஒரு மாம்பழம் குடுத்தாங்க."

"அரண்மனை மாம்பழம்! இரண்டு பணம் பெறும்! நூற்றைம்பத்தொன்று!" அகோரம் தொடையைத் தட்டினார்.

மந்திரி அவளைப் பார்த்தார். "பழம் இனித்ததா அம்மா?"

"அவருக்கு ஊட்டிவிட்டேன். ரொம்ப இனிப்புன்னு சொன்னாருங்க. நான் கொட்டையைத்தான் சப்பினேன்."

"அகோரம்," என்றார் சிற்றம்பலவர், "சப்பிய கொட்டைக்கு என்ன விலை?"

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கலங்கியது. அன்றைக்கு அவர் முந்நூறு பேர் சொன்னதையும் எழுந்திருக்காமல் கேட்டார். அதில் இருநூறு பேரிடம் பிடிக்கக் கூடாத வரியைப் பிடித்திருந்தார்கள்.

"உங்களிடம் கணக்குக் கேட்டேன். கணக்கில் தப்பு என் பக்கம்," என்றார் ராஜா. அந்த வருஷம் பிடித்த வரியை அங்கேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். அகோரத்துக்கு வேறு உத்தரவு. இனி வருஷாவருஷம் வேலைக்காரர்கள் வீடு தேடிப் போய், அவரவர் சொல்வதைக் காசு வாங்காமல் ஓலையில் எழுதித் தர வேண்டும்.

பன்னிரண்டு பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அஞ்சலை வீட்டுக்கு ஓடினாள். மறுநாள் விடிந்ததும் ஒரு மாட்டுவண்டி பேசி, ஆறு வருஷமாக வாசலைத் தாண்டாத கதிரேசனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனாள். வண்டிக்காரரும் அவளுமாகத் தூக்கி அவனைப் படித்துறையில் உட்காரவைத்தார்கள். அவன் கால்கள் தண்ணீருக்குள் இருந்தன.

"தண்ணி சில்லுன்னு இருக்கா புள்ள? எனக்குத் தெரியலையே," என்றான்.

அஞ்சலை குனிந்து, இரண்டு கையிலும் அள்ளி, அவன் முகத்தில் அடித்தாள். மூச்சு முட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பில், அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்களாம்.