சாமியம்மாவுக்கு வேய்ந்த கூரை

"தகரக் கூரைக்கு எதைப் போட்டா உள்ள சூடு இறங்காதுங்கம்மா?"

கேட்டுக்கொண்டே குழந்தைசாமி பையைக் கவிழ்த்தான். கரட்டடி மடத்துத் தரையில் தெர்மாகோல் துண்டு ஒன்று விழுந்தது. வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சுப் பாய் ஒன்று, கூலிங் டைல்ஸ் ஒன்று, அப்புறம் ஒரு பெயிண்ட் டப்பா. ஒரு கடையே விரித்துவிட்டான் மனுஷன்.

அவனுக்கு உபதேசம் தந்த குரு சாமியம்மா. அவர் அவற்றைப் பார்த்தார். மாசி மாதமும் இதே பைதான் வந்தது. இப்போது சித்திரை.

"யாருக்கு இதெல்லாம்?"

"எங்கய்யனுக்குத்தானுங்க. பின்னால தகர அறையில படுத்திருக்காரு. கால் வராதுங்களே, தானா எந்திரிச்சு வெளிய வர முடியாது. போன வாரம் சூட்டுல மயங்கிட்டாருங்க. இன்னொரு தடவை மயங்கினா உசிருக்கு ஆபத்துன்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டாரு."

"இதுல எது நல்லதுன்னு நினைக்கறே?"

"அங்கதானுங்க இடிக்குது. தெர்மாகோலை எலி கொதறிரும். பஞ்சுப் பாய் மழையில நனைஞ்சா வீணு. டைல்ஸ் கனத்தைத் தகரம் தாங்காது. பெயிண்ட் ரெண்டு வருசத்துல அழுக்கேறிப் போகும்."

"ஓலை?"

"அது தீப்பிடிக்குமுங்க. வருசா வருசம் வேற மாத்தோணும். பெத்தவரு சமாச்சாரம், செய்யறதை ஒரே தடவையில திருத்தமாச் செஞ்சுறோணுமுங்க."

மனதாரத்தான் சொன்னான். அப்பாவின் மீது அவனுக்குக் கொள்ளைப் பாசம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாசம் கூடக் கூடப் பையின் கனமும் கூடிக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

சாமியம்மா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டார்.

"நாளைக்கு மத்தியானம் உன் வீட்டுக்கு வர்றேன். அந்தத் தகர அறையிலதான் படுப்பேன்."

குழந்தைசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடத்தை விட்டு யார் வீட்டுக்கும் போகாதவர். அவர் கால் படுவது பெரிய பாக்கியம். அதற்காக அந்த அறையிலா?

மறுநாள் விடியும்போதே அவன் கூரைமேல் இருந்தான்.

மாட்டுக் கொட்டகைக்கு வேய வைத்திருந்த தென்னங்கீற்றுகள் சும்மா கிடந்தன. மனைவி பாவாத்தாள் கீழிருந்து எடுத்துக் கொடுக்க, தகரத்தின் மேல் அடுக்கடுக்காகப் பரப்பிக் கட்டினான். சூடு வெளியே போக வழி வேண்டுமே என்று மேல்சுவரில் ஒன்றிரண்டு செங்கல்லைப் பெயர்த்தான். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டான். கடைசியாக ஓஸ் பைப்பைப் பிடித்து ஓலையைச் சொட்டச் சொட்ட நனைத்தான்.

வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மத்தியானம் சாமியம்மா வந்தார். அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

"நல்லாக் குளுகுளுன்னு இருக்குது. பையில இருந்ததுல எதைப் போட்டே?"

"எதையும் போடலீங்க. அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏதுங்க? நீங்க வர்றீங்களேன்னு, கையில கிடைச்சதை வெச்சு..."

அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்கய்யன் எங்கே?"

"கொட்டகை ஓரமாக் கட்டில் போட்டிருக்கேனுங்க. உங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு."

சாமியம்மா எழுந்தார்.

"எனக்கு அந்தக் கொட்டகை போதும்."

சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

குழந்தைசாமி ஓடினான். அப்பாவை இரண்டு கையிலும் ஏந்தி வந்து அறைக்குள் கிடத்தினான். கிழவர் நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி வியர்வை மெல்ல அடங்கியது. பிறகு கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார்.

"சாமியம்மா அதுக்குள்ள கிளம்பிட்டாங்களா?"

மகன் அவர் தலைக்குக் கீழே தலையணையைச் சரியாக வைத்தான்.

"கண்ணு, ஓலையை இப்பவே பிரிக்கோணுமா? பொழுது சாயட்டுமே."