பதினாறரை அவுன்ஸ்

"அந்த அம்மாவுக்குக் கண் இருக்கா, இல்லையா?"

அருமைநாயகம் மேசையில் ஓங்கித் தட்டினார். அதன்மேல் இருந்த, கோல் நுனியில் தேய்க்கும் நீலச் சாக்குக்கட்டி உருண்டு கீழே விழுந்தது.

மெஹருன்னிசா குனிந்து அதை எடுத்து வைத்தாள்.

"இருக்கு சார்."

"அப்புறம் ஏன் என் கோலைப் பார்த்துட்டு, 'அழகா இருக்கு, என்னோடது எங்கே'ன்னு கேக்கணும்?"

"உங்க கோலா சார்?"

"நான் சரிபண்ணின கோல்."



அது ஒரு மலையூர். பில்லியர்ட்ஸ் கூடத்தின் பின்கட்டில் அவளுடைய பட்டறை. பழைய பங்களாக்களிலிருந்தும் மூடிப்போன கிளப்புகளிலிருந்தும், ஈரத்தில் வளைந்த ஆட்டக்கோல்கள் அவளிடம் வரும். எந்தக் காலத்தது, கையால் செய்ததா இயந்திரத்தில் செய்ததா என்று பார்த்துச் சொல்வாள். பிறகு பழுது பார்ப்பாள். வயது முப்பத்து நான்கு. ஊரில் எல்லோரும் அவளை, கைதேர்ந்த ஆசான் என்ற பொருளில், உஸ்தாத் என்றே கூப்பிட்டார்கள்.

அவளுடைய ஒரே சீடர் அருமைநாயகத்துக்கு வயது அறுபத்து மூன்று. ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர். முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்தவர். எடைக்கல் குறைந்திருந்தால் கடைக்காரர்கள், "தானாத் தேஞ்சுபோச்சு சார்" என்பார்கள். "தானா எப்படித் தேயும்? தேய்ச்சவன் பேரைச் சொல்லு" என்பார். பேர் சோதனை அறிக்கையான மகஜரில் ஏறாமல் அவர் எந்தக் கடையை விட்டும் இறங்கியதில்லை.

சீடராகச் சேர்ந்த முதல் நாளே அவர் மூன்று ஆட்சேபங்களைத் தெரிவித்தார். உஸ்தாத் என்பது ஆண்பால் அல்லவா? கோலின் எடையைச் சொல்லும் அவுன்ஸ் என்பது சட்டப்படி செல்லாத அளவு அல்லவா? அலமாரியில் இருக்கும் தராசுக்கு முத்திரை இல்லையே?

"முதல் ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்ல சார்" என்றாள் மெஹருன்னிசா. "மூணாவதை நீங்களே பாருங்க."

மறுநாள் அவரே தராசைச் சுமந்துபோய், அவுன்ஸுக்குப் பக்கத்தில் இருந்த கிராம் கோடுகளைச் சோதித்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு பதினான்கு மாதம், மேசையின்மேல் கோல்களை உருட்டி வளைவு பார்ப்பது மட்டுமே அவர் வேலை. பதினைந்தாம் மாதம்தான் முழுதாக ஒரு கோல் கைக்கு வந்தது. பேக்கரி நடத்தும் பிரிசில்லாவின் கோல் அது. பதினோரு வருடமாக அதைக்கொண்டே ஆடுகிறவள்.

"நுனியில பூண் ஆடுது" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். "ஒவ்வொரு வியாழக்கிழமையும் மேட்ச் இருக்கு."

பூணோடு அருமைநாயகம் நிறுத்தவில்லை. பத்தொன்பது நாள் உழைத்தார்.

இன்று காலை வந்த பிரிசில்லா கோலை வாங்கினாள். இரண்டு முறை திருப்பினாள். அவள் கட்டைவிரல் அடிப்பக்கத்தில் எதையோ தேடியது.

"அழகா இருக்கு. இது யாரோடது? என்னோடது எங்கே?"

"உங்களோடதுதாம்மா."

"சும்மா இருங்க சார்" என்று கோலைச் சுவரில் சாய்த்தாள். "என்னோடது கிடைச்சதும் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் கூடத்துல கிடக்கிற பொதுக்கோலை வெச்சு ஆடித் தோத்துக்கறேன்."

படியிறங்கிப் போயே விட்டாள். அதில் அருமைநாயகத்துக்கு வந்த ஆத்திரம்தான் இப்போது மேசைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"பத்தொன்பது நாள், உஸ்தாத்! கண்ணாடி மாதிரி ஆக்கி வெச்சிருக்கேன். நன்றி வேண்டாம். அட்டையில என் பேரை எழுதுங்க, போதும். பதினாலு மாசமா ஒரு அட்டையிலயும் என் பேர் இல்ல. இதுக்கும் இல்லன்னா நாளையிலிருந்து நான் வரல."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த கோலில் சிறிய அட்டை ஒன்றைக் கட்டுவார்கள். மேல்பாதியில், கோலில் எதையெல்லாம் தொடாமல் விட்டோம் என்று எழுத வேண்டும். கீழ்ப்பாதியில் வேலை செய்தவர் பெயர். செய்த வேலையைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இருக்காது.

மெஹருன்னிசா புது அட்டை ஒன்றையும் பென்சிலையும் அவர் முன்னால் வைத்தாள்.

"பேரை நீங்களே எழுதிக்குங்க சார். முதல்ல மேல்பாதி."

அருமைநாயகம் பென்சிலை எடுத்தார். கோலைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"வேலைக்கு முன்னால அடையாளக் குறிப்பு எழுதினீங்களே. அதைப் பார்த்து எழுதலாமே" என்றாள்.

நல்ல யோசனை. மூன்று பக்கக் குறிப்பு. கையெழுத்தும் தேதியும் இட்டது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கணீரென்று வாசித்தார்.

"'அடிப்பகுதிக் கருங்காலி, வெள்ளை மரத்துக்குள் நான்கு நாக்குகளாக ஏறியிருக்கிறது. ஒரு நாக்கு மற்ற மூன்றைவிட மூன்று மில்லிமீட்டர் குட்டை. இயந்திரம் நான்கையும் ஒரே அளவாகத்தான் அறுக்கும். எனவே இது கையால் இழைத்த பழைய கோல் என்பது திண்ணம்.'"

"பிரமாதமா எழுதியிருக்கீங்க. குட்டை நாக்கு எது சார்?"

"சீவல் வெச்சு ஒட்டிச் சமமாக்கிட்டேன்."

"ஏன்?"

"மூணு மில்லிமீட்டர், உஸ்தாத்! எப்படிப் பார்த்துக்கிட்டே இருக்கறது? தராசுல ஒரு தட்டு அவ்வளவு தாழ்ந்திருந்தா நான் கடையையே பூட்டியிருப்பேன்."

"சரி. அடுத்தது?"

"'பூணுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு நீலக்கறை. பல வருடச் சாக்குத்தூள் மரத்தில் ஊறியது.'" அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அழுக்குதானே அது. உப்புத்தாள் போட்டேன். அங்க மட்டும் வெளுத்துத் தெரிஞ்சுது. அதனால முழுக்கப் போட்டேன்."

"அடிப்பக்கம் ஒரு பள்ளம் இருந்துதே?"

"'கட்டைவிரல் படும் இடத்தில் தேய்வு.'" காகிதத்தைப் பார்த்தே சொன்னார். "அடைச்சுட்டேன்."

மெஹருன்னிசா காத்திருந்தாள். அவர் பக்கத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். காகிதம் தீர்ந்துவிட்டது.

அவருக்கு மறுபடி கோபம் வந்தது.

"பத்தொன்பது நாளும் பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"தினமும் சாயந்தரம் 'போதுமா சார்'னு கேட்டேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"'இன்னும் கொஞ்சம்'னு சொன்னீங்க."

அருமைநாயகம் கோலை வெடுக்கென்று எடுத்தார். நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"முத்திரை!"

"என்ன சார்?"

"எடை முத்திரை! பாருங்க, பதினாறரைன்னு அடிச்சிருக்கு. இதுமேல உப்புத்தாள் படக்கூடாதுன்னு நாடா ஒட்டி மறைச்சு வெச்சேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், உஸ்தாத். எதுல வேணும்னாலும் கை வைப்பேன், முத்திரையில வைக்கமாட்டேன்."

அட்டையை இழுத்து, மேல்பாதியில் குண்டுகுண்டாக எழுதினார்: 'எடை முத்திரை. பதினாறரை அவுன்ஸ். தொடப்படவில்லை.'

"இப்ப என்ன சொல்றீங்க?"

மெஹருன்னிசா எழுந்துபோய் அலமாரியிலிருந்து தராசை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். கோலை அதன்மேல் குறுக்காகக் கிடத்தினாள். கையை எடுத்தாள்.

தராசு பதினாறு என்று காட்டியது.

அருமைநாயகம் கோலைத் தூக்கி, தட்டைத் துடைத்து, மறுபடி வைத்தார்.

பதினாறு.

தராசு பொய் சொல்லுமோ என்று பக்கவாட்டில் பார்த்தார். அவரே வாங்கிவந்த முத்திரை அங்கே பத்திரமாக இருந்தது.

கூடத்தில் யாரோ பந்தை அடித்தார்கள். அது நெடுநேரம் உருண்டது.

அவர் ரப்பரை எடுத்தார். அட்டையின் மேல்பாதியில் எழுதியதைத் துளிகூட மிச்சமில்லாமல் அழித்தார். தூளை ஊதினார். பிறகு கீழ்ப்பாதியில், மகஜரில் எழுதும் முறைப்படியே எழுதத் தொடங்கினார்.

பெயர்: அருமைநாயகம். தகப்பனார் பெயர்: தேவசகாயம். வயது: 63. தொழில்:

பென்சில் அங்கே நின்றது.

"தொழில்னு என்ன போடறது, உஸ்தாத்?"

மெஹருன்னிசா அட்டையைக் கோலில் கட்டினாள். கோலை அவர் கையில் கொடுத்தாள்.

"பேக்கரி ரெண்டு தெரு தள்ளித்தான் சார். அவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க."