குனிந்தவர்கள் பார்த்த ஓவியம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டுக்காரர்கள் அது எங்கள் நாடுதான் என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் பெயர் வேண்டாம். அந்த நாட்டை மகுடவர்மன் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்குக் காரணம் அவருடைய தாத்தா. தாத்தா அரசராக இருந்தபோது அவருடைய மூக்கின்மேல் ஒரு கொப்புளம் வந்தது. யாரும் அதைப் பார்த்துவிடக் கூடாது என்று, அரசர் வரும்போது எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். கொப்புளம் பத்து நாளில் ஆறிவிட்டது. உத்தரவு மட்டும் ஆறவில்லை. பேரன் காலத்திலும் சங்கு ஊதினால் ஊரே குனியும், முரசு அடித்தால்தான் நிமிரும். அவையிலும் அரசரின் பாதத்தைப் பார்த்தபடிதான் பேச வேண்டும்.

அரண்மனை ஓவியர்களின் பாடு இன்னும் வேடிக்கை. அரசரைப் பார்க்காமல் அரசரை வரைய வேண்டும். அதனால் தாத்தாவின் பழைய படத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு, அடியில் பேரன் பெயரைப் போட்டுவிடுவார்கள். கழுகு மூக்கு, கன்னத்தில் பெரிய மச்சம், முறைக்கிற கண். படத்தில் இருக்கிற முகம் கண்ணாடியில் தெரியவில்லையே என்று அரசர் குழம்பிப்போய், கண்ணாடி செய்கிறவரை மூன்று தடவை மாற்றினார். படத்தின்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அத்தனை பேர் சேர்ந்து ஒரே மாதிரி எழுதுகிறார்களே!

அந்த அவையின் கடைசி வரிசையில் மருதையன் என்று ஒருவன் உட்காருவான். திருவிழா நாட்களில் பட்டத்து யானைக்கு முகம் எழுதுவது அவன் வேலை. வாய்த்துடுக்கு அதிகம். அந்த வாய்க்காகவே அரசர் அவனுக்கு அவையில் இடம் கொடுத்திருந்தார். அடக்கம் என்பது அவனிடம் மருந்துக்கும் கிடையாது. யானை நெற்றியில் பூ எழுதியதும் நாலு பேரை நிறுத்தி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்பான். நன்றாயிருக்கிறது என்று சொல்லும்வரை விடமாட்டான். எனக்கு அவனை அதனால்தான் பிடிக்கும். உண்மையிலேயே நன்றாகத்தான் எழுதுவான்.

யானையோடு நின்றுவிட அவனுக்கு மனமில்லை. ஓவியன் என்று ஊர் தன்னை அறிய வேண்டும், தன் படம் வீடுகளில் தொங்க வேண்டும் என்று ஆசை. துணியிலும் பலகையிலும் எழுதி எழுதிக் குவித்தான். பார்க்கத்தான் ஆளில்லை. ஒருநாள் அவன் மனைவி பொன்னாச்சி பொறுமை இழந்தாள்.

"ஏங்க, கட்டிலுக்கு அடியில படம், பானைக்குப் பின்னால படம். நான் எங்க படுக்கிறது? பூ விக்கிறவ பூவக் கூடையில மூடி வச்சிட்டு வீட்லயா உக்காந்திருப்பா? வெளிய மாட்டுங்க."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் மருதையன் தன் வீட்டு வெளிச்சுவர் முழுக்கப் படங்களை மாட்டினான். அவன் வீடு ராஜவீதியில் இருந்தது. தயிர்க்காரி, மீன்காரி, சுமைகூலிக்காரர், கோயிலுக்குப் போகிறவர் என்று எல்லோரும் அங்கே தங்கள் கடைத்தெரு, தங்கள் வயல், தங்கள் குழந்தைகள் மாதிரியே குழந்தைகள் படமாகத் தொங்குவதைப் பார்த்து நின்றார்கள். இரண்டே வாரத்தில் செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் சீலை எழுத அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

அதுவரை அந்தச் சீலைகளை எழுதிவந்தவர் ஆஸ்தான ஓவியர் சித்திரசேனர். அவருக்கு வயிறு எரிந்தது. நேராக அவைக்குப் போய், அரசரின் பாதத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மன்னர் பெருமானே, ராஜவீதியில் ஓர் ஆபத்து வளர்கிறது. மருதையன் சுவரில் படம் மாட்டுகிறான். மக்கள் தலையை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்க்கிறார்கள். நிமிரும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், நாளை தாங்கள் எழுந்தருளும்போதும் தலைகள் நிமிருமல்லவா?"

அரசருக்குச் சுருக்கென்றது. தாத்தா காலத்து மரியாதை போய்விடுமோ என்ற பயம். உடனே சொன்னார்: "இன்று முதல் எவரும் தலை நிமிர்ந்து மருதையனின் ஓவியத்தைப் பார்க்கக் கூடாது. அப்படி ஒருவர் பார்த்தாலும் அவனுடைய தூரிகைகள் அத்தனையும் பறிமுதல் செய்யப்படும். பிறகு ஆயுள் முழுவதும் அவன் வண்ணம் தொடலாகாது."

கடைசி வரிசையில் மருதையனின் முகம் வெளுத்தது. வண்ணம் தொடக் கூடாதென்றால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உத்தரவு, அரசே. ஆனால் யாரும் பார்க்காத ஓவியனும் யாரும் சாப்பிடாத சமையலும் ஒன்றுதானே. என் படத்தை ஊர் பார்க்க வேறு வழியே இல்லையா?"

சித்திரசேனர் சிரித்தார். "அவ்வளவு திறமை இருந்தால், வருகிற வசந்த விழாவில், ஒருவரும் தலை நிமிராமலே ஊர் முழுவதும் தன் ஓவியத்தைப் பார்க்கும்படி செய்து காட்டட்டுமே."

அரசருக்குப் பந்தயம் என்றால் கரும்பு. "நல்ல யோசனை. செய்து காட்டினால் நீ கேட்டதைத் தருவேன், மருதையா. முடியாவிட்டால் விழா முடிந்த மறுநாள் தூரிகைகளை ஒப்படைத்துவிடு."

மருதையன் வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த படங்களை இறக்கினான். சாப்பாட்டைத் தொடவில்லை. பொன்னாச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் தூரிகைகளை எடுத்துக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்தது. அவன் அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"விடுங்க, இன்னும் நாளு இருக்கு," என்றாள். அவளுக்கும் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்து அரசர் வேட்டைக்குக் கிளம்பினார். சங்கு ஊதியது. கடைத்தெருவில் நின்ற மருதையனும் எல்லோரோடும் குனிந்தான். குனிந்தவன் கண்ணுக்கு என்ன வேலை? புழுதி, ஒரு வண்டு, பக்கத்தில் நிற்கிறவரின் கால் நகம். அந்த ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் மறந்தாலும் மறப்பார்கள், கால் நகத்தை மறக்க மாட்டார்கள். அவ்வளவு நேரம் குனிந்து நிற்பது அவர்களுக்குப் பழக்கம். வண்டு ஊர்ந்துபோன இடத்தையே மருதையன் பார்த்துக்கொண்டிருந்தான். முரசு அடித்த பிறகும் அவன் நிமிரவில்லை. பிறகு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினான்.

"பொன்னாச்சி, நம்ம வீதியில எத்தனை பொம்பளைங்க கோலம் போடுவாங்க?"

"வாசல் இருக்கிற வீடெல்லாம் போடும். ஏன்?"

வசந்த விழா அன்று விடியும்போதே ராஜவீதி கலகலத்தது. மருதையன் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டே முன்னால் போனான். பொன்னாச்சியும் வீதிப் பெண்களும் பின்னாலேயே மஞ்சள்பொடி, செங்கல்பொடி, கரித்தூள், இலைப்பொடி என்று நிரப்பிக்கொண்டே வந்தார்கள். வாசல் கோலத்தை ஒட்டி, வீதியின் இரண்டு ஓரமும், மக்கள் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு முன்னால், தரையிலே ஓர் ஊர்வலம் கிளம்பியது. கொம்பு ஊதுகிறவர், குதிரைகள், குடைகள், ஐந்தாறு வீட்டுக்கு ஒருமுறை பட்டத்து யானை, அதன்மேல் அரசர். அரசரின் முகத்தை மட்டும் வேறு யாரையும் தொடவிடாமல் மருதையனே எழுதினான். எழுதி முடித்த கையோடு ஓடிப்போய் யானைக்கும் முகம் எழுதினான்.

சங்கு ஊதியது. ஊரே குனிந்தது. குனிந்த கண்கள் எல்லாம் விரிந்தன.

யானையின் காலடிச் சத்தம் காதில் கேட்கிறது. அதே யானை காலடியில் நடக்கிறது. அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சப்பை மூக்கு, கொழுத்த கன்னம், சிரிப்பை அடக்கத் தெரியாத வாய். ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். "நம்ம ராசா இவர்தானா? பாவம், எவ்வளவு நல்லவரா இருக்காரு. நான் இத்தன நாளா பயந்துட்டே கெடந்தேனே."

அரசர் கடந்துபோனார். முரசு அடித்தது. ஒருவரும் நிமிரவில்லை. மறுபடியும் அடித்தது. குனிந்த தலைகள் குனிந்தபடியே இருந்தன. யானைமேலிருந்து திரும்பிப் பார்த்த அரசருக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. யானையை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்துவந்தார். எல்லோரும் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவரும் குனிந்தார். அந்த நாட்டில் ஓர் அரசர் ஊர் மக்களோடு சேர்ந்து குனிந்தது அன்றைக்குத்தான்.

சித்திரசேனர் பாய்ந்து வந்தார். "அரசே, தங்கள் உத்தரவு மீறப்பட்டது. இது மருதையனின் ஓவியம். பறிமுதல் செய்ய வேண்டும்."

மருதையன் அரசரின் பாதத்தைப் பார்த்துச் சொன்னான்: "தலை நிமிர்ந்து யாரும் பார்க்கக் கூடாது என்பதுதானே உத்தரவு. இங்கே நிமிர்ந்து பார்த்தவர் யார்?"

"நான் பார்த்தேன்," என்றார் சித்திரசேனர்.

"அரசர் வீதியில் இருக்கும்போது தலை நிமிர்ந்தா பார்த்தீர், ஐயா? குனிந்தா?"

சித்திரசேனர் வாயைத் திறந்தார். நிமிர்ந்து என்றால் ராஜகுற்றம். குனிந்து என்றால் பந்தயம் போனது. திறந்த வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் அவரிடம் இன்னொன்று மிச்சம் இருந்தது.

"இது அரசரின் திருமுகமே அல்ல. அந்த மூக்கு எங்கே? மச்சம் எங்கே? ஒருவேளை இதுதான் திருமுகம் என்றால், இவன் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். அதுவும் ராஜகுற்றம்தான்."

பொன்னாச்சி மஞ்சள் கையோடு கணவனின் மேல்துண்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அரசர் தரையிலிருந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். மச்சம் இல்லாத கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"மருதையா, இது நம் முகம்தான். கண்ணாடியில் தினமும் தெரிகிற முகம். இதை நீ எங்கே கண்டாய்?"

"குனிந்துதான் கண்டேன், அரசே. யானைக்கு முகம் எழுதும்போது தாங்கள் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். நான் குனிந்து கொள்வேன். என் கையில் தூரிகை கழுவுகிற தண்ணீர்ச்சட்டி இருக்கும். அந்தத் தண்ணீரில் தாங்கள் யானையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். தரையிலிருந்த வாய் எப்படிச் சிரித்ததோ அப்படியேதான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசல் தூணில் சாய்ந்து சிரித்தார். "மூன்று கண்ணாடிக்காரர்களைத் துரத்தினேனே. அவர்களைத் திரும்ப அழைத்துவாருங்கள். தாத்தாவின் மச்சத்தை இத்தனை வருடம் சுமந்தது போதும். எல்லோரும் நிமிருங்கள்."

மக்கள் மெல்ல நிமிர்ந்தார்கள். தரையிலிருந்த முகத்தையும் எதிரில் நின்ற முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் சிரித்தார்கள்.

"ஆஸ்தான ஓவியர் பதவி வேண்டுமா?" என்று கேட்டார் அரசர்.

"பதவி வந்தால் அரண்மனைக்குள்ளே எழுதி அரண்மனைக்குள்ளே மாட்ட வேண்டும். எனக்கு வெளியே வேண்டும், அரசே. இந்த வீதியைப் பார்த்தாற்போல் இருக்கிற அரண்மனை மதிலைக் கொடுங்கள். நானும் மாட்டுகிறேன், மாட்ட நினைக்கிற யாரும் மாட்டட்டும். சித்திரசேனரும் மாட்டட்டும். இனி அவர் நிமிர்ந்து பார்த்து எழுதலாமே."

மதிலும் கிடைத்தது, தோளில் பட்டும் விழுந்தது. தரையிலிருந்த ஓவியம் சாயங்காலத்துக்குள் கால்பட்டு அழிந்தது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் அதே படத்தைத் துணியில் எழுதித் தரச்சொல்லி மறுநாள் காலையில் மருதையன் வாசலில் நின்றார்கள். சித்திரசேனரும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு படம் கொண்டுவந்து மதிலில் மாட்டினார். மூக்கு சரியாக வந்திருந்தது. முதல் ஆளாக நின்று பாராட்டியவன் மருதையன்தான். பாராட்டிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே தன் படத்தைக் கொஞ்சம் பெரிதாக மாட்டினான்.

வீட்டிலிருந்த படமெல்லாம் மதிலுக்குப் போன அன்றிரவு பொன்னாச்சி வீட்டின் நடுவில் பாயை விரித்துக் கையையும் காலையும் தாராளமாக நீட்டிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் குனிய வேண்டும் என்ற உத்தரவு இல்லை. ஆனாலும் அரசர் வீதியில் வந்தால், அவரைப் பார்த்துச் சிரித்த கையோடு ஒருமுறை தரையையும் பார்த்துக்கொள்வார்கள். அரசரும் பார்த்துக்கொள்வார்.