சுண்டை வத்தலும் தொண்ணூற்றேழாம் நாளும்

“அம்மா, விடிஞ்சா வாந்தி. வெயில் சாஞ்சா வத்தக்குழம்பு நெனப்பு. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து நான் சாகுதேன்.”

பூதலிங்கம் இப்படிச் சொல்லிவிட்டு மாமரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மரகதவல்லி. அந்தத் தோப்பில் அவர்தான் குரு. வயது முப்பத்தெட்டு. அடுப்பு ஏறாத சாப்பாட்டிலேயே பதினைந்து வருஷமாக இருக்கிறவர்.

பூதலிங்கத்துக்கு அறுபது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடர் மூத்தவர், குரு இளையவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை அம்மா என்பார்.

“இன்னைக்கு எத்தனாவது நாள் அண்ணாச்சி?”

“தொண்ணூத்தேழு.”

அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் வாந்தியும் இல்லை, கீந்தியும் இல்லை.

இருக்காதா பின்னே? தேங்காய், பழம், ஊறவைத்த கடலை, முளைகட்டின பயறு, பச்சைக் காய் என்று நூறு நாள் இருந்து முடித்தவர்களுக்கு குரு எல்லார் முன்னாலும் ஒரு பச்சைத் துண்டு போர்த்துவார். அதுவரை ஏழு பேர்தான் வாங்கியிருந்தார்கள். எட்டாவது ஆள் நான்தான் என்று பூதலிங்கம் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை புதிதாக வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து, “வேக வச்சா அது செத்த சோறு” என்று முழங்குவார். மனுஷர் முழங்கினால் மைக் வேண்டாம்.

இப்போது மூன்று நாள் மிச்சமிருக்கையில் நாக்கு காலை வாரப் பார்க்கிறது. துண்டு கைநழுவிப் போய்விடுமோ என்று அவருக்கு உள்ளுக்குள் நடுக்கம்.

“இஞ்சி?”

“மென்னு பாத்தேன்.”

“எலுமிச்சங்கா?”

“மோந்தும் பாத்தேன், சப்பியும் பாத்தேன்.”

“கீரைச்சாறைக் கொறைக்கச் சொன்னேனே?”

“அரை டம்ளராக்கியாச்சு. பேரீச்சம்பழம் தின்னா ஆசை அடங்கும்னீங்க. பழம் ஒரு கிலோ காலி. ஆசை அப்படியே நிக்குது.”

குரு முறத்தில் கிடந்த ஊறின கடலையில் சொத்தை பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

“எப்பேர்ந்து இப்படி?”

“ஒரு வாரமாத்தான்.”

“தொண்ணூறு நாள் வராதது இப்ப என்ன?”

“அதாம்மா எனக்கும் புரியல.”

குரு நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, இது மசக்கை.”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பூதலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. புயல் காற்றில் கம்பம் ஏறி நாற்பது ஊருக்கு வெளிச்சம் கொடுத்த ஆள் அவர். அவரைப் பார்த்தா மசக்கை?

“ஆம்பளைக்கு ஏதும்மா மசக்கை?”

“கொமட்டலும் ஆசையும் சேந்து வந்தா நம்ம ஊர்ல அதுக்கு வேற பேரு கெடையாது. வீட்டுல யாரு உண்டாயிருக்கா?”

பூதலிங்கம் முறத்துக் கடலையைப் பார்த்தார்.

“அண்ணாச்சி.”

“எம்மவ. ஆவுடைச்செல்வி. மூணு மாசம். தலைப்பிள்ள.”

“எங்க இருக்கா?”

“நம்ம வீட்லதான். போன வாரம் மாப்ள கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. அங்க எதுவுமே வயித்துல தங்கலயாம். பொறந்த வீட்டுல இருந்தா நாலு வாய் திம்பான்னு.”

“திங்காளா?”

“முளைகட்டுன பயறு குடுத்தேன். கேரட்டத் துருவி தேங்காப்பூ போட்டுக் குடுத்தேன். எல்லாம் வெளிய வந்துட்டு.”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

பூதலிங்கம் கொஞ்சம் நிமிர்ந்தார். படித்த பாடத்தை ஒப்பிக்கிற இடமல்லவா?

“கழிவு வெளியேறுது, நல்லதுதான்னு சொன்னேன்.”

“அப்படியா. அப்ப உங்களுக்கும் கழிவுதான் வெளியேறுது. நல்லதுதான். போய்ட்டு வாங்க.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பூதலிங்கம் எழுந்திருக்கவும் இல்லை.

குரு மறுபடி கடலை பொறுக்கினார்.

“பிள்ள வாய் விட்டு எதுவும் கேட்டாளா?”

“கேட்டா.”

“என்ன?”

“சுண்டைக்கா வத்தக்குழம்பு.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாயில் கை வைத்துக்கொண்டார்.

“வீட்டம்மா வச்சுக் குடுக்கலாமே?”

“அடுப்பு எரியாதும்மா.”

தோள்பைக்குள் கைவிட்டு அதை எடுத்து வைத்தார். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர்.

நூறு நாள் முடிகிறவரை வீட்டில் அடுப்பே எரியக் கூடாது என்று முதல் நாளே கழற்றிவிட்டார். ஃபியூஸ் பிடுங்கிப் பிடுங்கிப் பழகின கை. பீரோவில் வைத்தால் மனைவி செண்பகவடிவு எடுத்துவிடுவாள் என்று போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தார். தோப்பில் ஆளாளுக்கு எடுத்துக் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“அப்ப வீட்டம்மா?”

“அடுத்த தெருவுல அவ தங்கச்சி வீடு இருக்கு. அங்க சாப்பிட்டுக்கிடுவா.”

“மகளும் அங்க போலாமே?”

“போக மாட்டேங்கா. சித்தி வீட்டுல போய்த் திங்கவா நான் அப்பா வீட்டுக்கு வந்தேன்ங்கா. இன்னைக்குச் சாயந்திரம் கூட்டிட்டுப் போக மாப்ளய வரச் சொல்லிட்டா.”

“வீம்பு பிடிச்ச பிள்ள.”

“ஆமாம்மா,” என்றார் பூதலிங்கம். அந்த வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று குரு கேட்கவில்லை.

குரு எழுந்து குடிலுக்குள் போனார். ஒரு பித்தளைத் தட்டோடு வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். நடுவில் ரெகுலேட்டரைத் தூக்கி வைத்தார். அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

“பொறந்த வீட்டுச் சீரு அண்ணாச்சி. கொண்டு போய்க் குடுங்க.”

பூதலிங்கம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அம்மா, மூணே நாளு. அந்த மணம் மூக்குல ஏறுச்சுன்னா நான் தவறிருவேன். தொண்ணூத்தேழு நாளும் தண்ணில போயிரும்.”

“போகட்டும்.”

“துண்டு?”

குரு முறத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“பன்னெண்டேகாலுக்கு பஸ்ஸு,” என்றார்.

பஸ்ஸில் கண்டக்டர் தட்டைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், பூதலிங்கத்தைப் பார்த்தார்.

“சிலிண்டருக்கா சார் கல்யாணம்?”

வேறொரு நாளாக இருந்தால் கண்டக்டருக்கு இயற்கை உணவைப் பற்றி ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். இன்றைக்கு பூதலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் ஆவுடைச்செல்வி பையைக் கட்டி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அதே வீட்டில்தான் கிடந்தாள், அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்குத்தான் பெற்ற மனசுக்குப் பகீரென்றது.

தட்டை அவள் முன்னால் வைத்தார். அவள் பொட்டு வைத்த ரெகுலேட்டரைப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

பூதலிங்கம் ரெகுலேட்டரை மாட்டினார். செண்பகவடிவு சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

“தள்ளு. நான்தான் வைப்பேன்,” என்றார் பூதலிங்கம்.

“ஒங்களுக்கு வெந்நி போடத் தெரியுமா?”

“நீ சொல்லு. நான் செய்யுதேன்.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் செய்தார். சோறு வடித்தார். புளி கரைத்தார். நல்லெண்ணெய் காய்ந்தது, வெந்தயம் சிவந்தது, சுண்டை வத்தல் பொரிந்தது. புளித்தண்ணீரை ஊற்றினதும் கிளம்பின மணம் அவர் மூக்கில் ஏறி அடிவயிறு வரைக்கும் போயிற்று. வாயில் ஊறின எச்சிலை மூன்று தடவை விழுங்கினார். பயமாகத்தான் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

ஓடவில்லை. குழம்பு சுண்டி எண்ணெய் பிரிகிறவரை நின்றார்.

சுடுசோறு, மேலே குழம்பு, பக்கத்தில் சுட்ட அப்பளம்.

ஆவுடைச்செல்வி தட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஒரு வாய் வைத்தாள்.

செண்பகவடிவு பழக்கதோஷத்தில் வாந்தி பிடிக்கிற சட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

இரண்டாவது வாய். மூன்றாவது வாய். பூதலிங்கம் மூச்சு விடவில்லை.

“அந்தச் சட்டிய அங்கிட்டு வச்சிட்டு இன்னுங் கொஞ்சம் சோறு போடும்மா,” என்றாள் மகள்.

இரண்டாம் தரமும் தின்றாள். கடைசியில் ஒரு உருண்டையைப் பிசைந்து அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“யப்பா, நீங்க வச்ச கொழம்பு. ஒரே ஒரு வாய்.”

அவர் வாயைத் திறந்தாரா, தலையைத் திருப்பினாரா என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நமக்கெதற்கு?

சாயந்திரம் மாப்பிள்ளை வந்தார். அவரும் சாப்பிட்டார். தனியாகத் திரும்பிப் போனார்.

மறுநாள் விடிந்தது. பூதலிங்கம் பாயில் எழுந்து உட்கார்ந்து, வரப்போகிற வாந்திக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது வரவில்லை. வெயில் சாய்ந்தது. குழம்பு நினைப்பும் வரவில்லை. மகளுக்கு நாளைக்கு மணத்தக்காளி வத்தல் போடலாமா என்று மட்டும் பெண்டாட்டியிடம் கேட்டார்.

நூறாம் நாள் தோப்பில் ஏகப்பட்ட கூட்டம். சீர்த்தட்டோடு அவர் பஸ் ஏறினது எல்லோருக்கும் தெரியும். குழம்பைத் தொட்டிருப்பார் என்றார்கள் சிலர். பூதலிங்கமாவது தொடுவதாவது என்றார்கள் சிலர்.

குரு பச்சைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துண்டு போர்த்துமுன் சபையில் ஒரு கேள்வி கேட்பது அங்கே வழக்கம். பதில் சொன்னால்தான் துண்டு.

“நெருப்புப் பட்டது எதுவும் இந்த நூறு நாள்ல உங்க வாயில பட்டுதா அண்ணாச்சி?”

பூதலிங்கம் எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். நெஞ்சு விம்மிற்று. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அந்தத் தோப்பு அதுவரை கண்டதில்லை.

“எம்மவ ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னா,” என்றார்.